கடல் இல்லாத ஊரின் ஞாயிற்றுக்கிழமை

பாறை, இட்லி, நாடகம், வள்ளுவர்: இரண்டு நாள் விடுமுறையில் பெங்களூர்

சனிக்கிழமை காலை ஆறு மணி. லால்பாக் பாறையின் மேல் இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. கம்பளிக் குல்லாய், மஃப்ளர், கேன்வாஸ் ஷூ சகிதம் பெரியவர்கள் ஏறி வருகிறார்கள். ஒரு கோஷ்டி கன்னடத்தில் அரசியல் பேசுகிறது. அடுத்த கோஷ்டி தமிழில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறது. சூரியன் தலைகாட்டியதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே பக்கம் திரும்புகிறார்கள். சென்னைக்காரருக்கு மெரினா எப்படியோ, பெங்களூர்க்காரருக்கு இந்தப் பாறை அப்படி.

பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள் என்கிறார்கள் நிலவியல் நிபுணர்கள். இது தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். உச்சியில் கெம்பே கௌடர் பெயர் சொல்லும் சிறு கோபுரம். கீழே 240 ஏக்கர் தோட்டம். 1760-ல் ஹைதர் அலி ஆரம்பித்தது. மகன் திப்பு வளர்த்தது. 1889-ல் பிரிட்டிஷார் கண்ணாடி மாளிகைக்கு அஸ்திவாரம் போட்டது. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் பூக்களைவிட மனிதத் தலைகள்தான் அதிகம் தெரியும்.

நடந்த களைப்புக்கு டிபன். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே 1924-ல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ், அதாவது எம்.டி.ஆர். இரண்டாம் உலகப் போரின்போது அரிசி கிடைக்காமல் போக, ரவையை வைத்து இட்லி செய்து பார்த்தார்களாம். இன்று தமிழ்நாட்டு ஓட்டல்களிலும் கிடைக்கும் ரவா இட்லியின் கதை அதுதான் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. விடுமுறை நாளில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காந்தி பஜாரில் 1943-லிருந்து நடக்கும் வித்யார்த்தி பவனிலும் அதே கூட்டம். கைநெடுக தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சர்வர் வருவதைப் பார்ப்பதற்கே காத்திருக்கலாம். சங்கரபுரத்தில் 1965-ல் பிறந்த பிராமின்ஸ் காபி பாரில் மட்டும் தமிழர்கள் கொஞ்சம் திடுக்கிடுவார்கள். இட்லி உண்டு, வடை உண்டு, சட்னி வேண்டிய மட்டும் உண்டு. சாம்பார் கிடையாது. மற்ற ஓட்டல்களில் வெல்லம் போட்ட சாம்பாரைச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் இதைக் குறையாகச் சொல்வதில்லை.

சாயங்காலத்துக்கு நாடகம். ஜே.பி. நகரில் 2004-ல் திறந்த ரங்க சங்கராவில் திங்கள் தவிர மற்ற நாட்களில் நாடகம் பார்க்கலாம். தொலைக்காட்சியில் ‘மால்குடி டேஸ்’ தொடரை இயக்கிய சங்கர் நாக் 1990-ல் சாலை விபத்தில் இறந்தார். அவர் கண்ட கனவை, மனைவி அருந்ததி நாக் கட்டடமாக எழுப்பிக் காட்டினார். நாடகம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கும். பிந்தி வருபவர்களுக்குக் கதவு திறக்காது. டிராஃபிக்கைக் காரணம் காட்டியே எல்லாவற்றுக்கும் தாமதமாகப் போகும் ஊரில் இப்படி ஒரு கண்டிப்பு. ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் வந்தால், குமார கிருபா சாலையே ஓவியக் கடையாகிவிடும். கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003-லிருந்து நடத்தும் ‘சித்ர சந்தை’யில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் நடைபாதையில் உட்கார்ந்து விற்கிறார்கள். வரைந்தவரிடமே பேரம் பேசலாம்.

ஞாயிறன்று கப்பன் பார்க். 1870-ல் உருவான பூங்கா. வழக்கமாகக் கார்கள் பறக்கும் உள்சாலைகளில் அன்று சைக்கிள் ஓட்டப் பழகும் குழந்தைகளும் பின்னால் ஓடும் அப்பாக்களும் மட்டுமே. சனிக்கிழமைகளில் மர நிழலில் பாய் விரித்து, யாரோடும் பேசாமல் புத்தகம் படிக்கும் கூட்டம் ஒன்றும் கூடுகிறது. 2023-லிருந்து பிரபலமான இந்தப் பழக்கம் வேறு ஊர்களுக்கும் பரவிவிட்டது. சேர்வதற்குக் கட்டணம் இல்லை.

ஆனால் இந்த இலவச சந்தோஷங்கள் தானாக நிலைப்பவை அல்ல. ஊரின் ஏரிகளைக் கேட்டால் தெரியும். மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் முன்பு தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியின் மேல் நிற்கிறது. மிஞ்சியவற்றில் பெள்ளந்தூர் ஏரி, கழிவின் நுரையோடு தீப்பிடித்து எரிந்ததை 2017-ல் நாடே பார்த்தது. 2025-ல் ஹெப்பாள்–சில்க் போர்டு சுரங்கச் சாலைத் திட்டத்துக்கு லால்பாக் நிலமும் வேண்டும் என்ற செய்தி வந்தபோது நகரவாசிகள் எதிர்த்துக் கிளம்பியதற்கு இந்த அனுபவம்தான் காரணம். ஏரி போனது போலப் பாறையும் போய்விடக் கூடாதே என்ற பயம்.

தமிழ் வாசகர் ஞாயிறு மாலையை அல்சூரில் முடிப்பது நல்லது. ஹலசூரு ஸ்டேஷனில் மெட்ரோவை விட்டு இறங்கினால், ஏரி தொலைவில் இல்லை. 1809-ல் ராணுவக் கன்டோன்மென்ட் வந்ததிலிருந்து தமிழர்கள் வேர்விட்ட பகுதி இது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகமும் இங்கேதான். 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் இந்த ஏரியில் செத்து மிதந்தன. இன்றும் காற்று திரும்பினால் நாற்றம் வரும். ஆனாலும் மக்கள் வருகிறார்கள்.

ஏரிக்கு அருகே திருவள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1991-ல் நிறுவிய சிலை இது. எதிர்ப்பு காரணமாகத் திறக்க முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் காவிரிக் கலவரம் வெடித்தது. தமிழர்கள் பலர் வீடுகளை விட்டு ஓடினார்கள். வள்ளுவர் 18 வருஷம் மூடிய துணிக்குள்ளேயே இருந்தார். 2009 ஆகஸ்ட் 9 அன்று எடியூரப்பா முதல்வராக இருந்தபோது, கருணாநிதி வந்து திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. 2016-ல் மீண்டும் காவிரி, மீண்டும் பஸ்கள் எரிந்தன. சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

திறந்து வைத்த அந்த நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். இன்று சிலையைச் சுற்றி அவ்வளவு பரபரப்பு இல்லை. அந்த வழியாக நடப்பவர்களில் பாதிப் பேர் வள்ளுவரை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 18 வருஷம் துணிக்குள் இருந்தவருக்கு, யாரும் கண்டுகொள்ளாமல் வெயில் காய முடிவது சின்ன விஷயமா என்ன?