மருந்தும் குன்றிமணியும்

துப்பாக்கியில் இடுகிற கருந்தூளுக்கும் காய்ச்சலுக்குத் தருகிற கஷாயத்துக்கும் தமிழில் ஒரே பெயர்: மருந்து. கரியாலூரில் நான் ஆசிரியனாக இருந்த நாள்களில், முதியவர் ஒருவர் தம் தகப்பனார் மருந்து இடித்த கதையைச் சொன்னபோது அது எந்த மருந்து என்று விளங்கச் சற்று நேரமாயிற்று. சாமையும் தினையும் காட்டுப்பன்றிக்குப் போகாமல் காக்க அந்த வீட்டில் நாட்டுத் துப்பாக்கி இருந்திருக்கிறது. உள்ளங்கைக் குழிதான் அளவு. கூடிப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். இரண்டு விரல்களை இழந்த தம் சிற்றப்பாவைப் பற்றிச் சொன்னார். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம் என்பது வேறு விஷயம்.

காலித் தோட்டாக்களை மறுபடி நிரப்பும் வெளிநாட்டுப் பொழுதுபோக்காளர்கள் இதே மருந்தை கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்கள். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. கிரெயினில் பத்தில் ஒரு பங்குவரை பார்ப்பார்களாம். நம் கணக்கில் சொன்னால், 180 கிரெயின் ஒரு தோலா. அதுவே 96 குன்றிமணி. ஆக, ஒரு குன்றிமணியைப் பத்தொன்பது கூறிட்டால் ஒரு கூறு! பொற்கொல்லரான என் தகப்பனார் கேட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டார். தராசை எடுத்துவா என்றிருப்பார்.

அவருடைய சிறு தராசு என்னிடம் இருந்தது. அதை அந்த அளவுக்குக் கூர்மையாக்க முடியுமா என்று பார்க்கும் ஆசை வந்தது. நிறுக்க மருந்து வேண்டியதில்லை, குன்றிமணி போதும். கோல் தாங்கும் கத்திமுனை மழுங்கியிருந்தால் முள் எங்கு வேண்டுமானாலும் நின்றுவிடும். முதலில் அதைத் தீட்டினேன். பிறகு கோலின் நடுவில் ஒரு சிறு மரையாணியைப் பொருத்தினேன். அதை உயர்த்த உயர்த்தக் கோலின் ஈர்ப்பு மையம் கத்திமுனையை நெருங்கும், தராசு நுண்மையாகும். ஆனால் ஆட்டம் ஓயாது. முள் நிற்பதற்குள் மாணவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

இதற்கு அந்தப் பொழுதுபோக்காளர்கள் கையாளும் உபாயம் அழகானது. கோலின் முனையில் ஒரு செப்புத் தகடு. அதன் இருபுறமும் காந்தம். தகடு அசையும்போது அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து அசைவை எதிர்க்கிறது. அசைவு நின்றால் எதிர்ப்பும் இல்லை. உராய்வைப் போல முள்ளைத் தவறான இடத்தில் பிடித்துவைக்காது. பழுதான ஒலிபெருக்கி ஒன்றின் காந்தத்தை உடைத்துப் பொருத்தினேன். நான்கைந்து ஆட்டத்தில் முள் அடங்கியது.

கைகள் சமமில்லாத தராசிலும் சரியாக நிறுக்கலாம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் போர்தாவின் முறைப்படி வகுப்பில் செய்து காட்டினேன். பொருளை ஒரு தட்டில் வைத்து மறுதட்டில் மணலிட்டுச் சமன் செய்வது. பொருளை எடுத்துவிட்டு அதே தட்டில் எடைக்கல் வைப்பது. கோல் எவ்வளவு கோணலானாலும் ஏமாற்ற முடியாது. தட்டை மாற்றி நிறுத்தால் கோணல் வெளிப்படும் என்றும் சொன்னேன்.

அதைக் கேட்ட மாணவி ஒருத்தி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவள் தாயார் புளி மூட்டையுடன் சந்தைக்குப் போனார். எடை போட்டு முடித்த வியாபாரியிடம், "அண்ணே, அந்தத் தட்டுல வெச்சு ஒருதரம் பாருங்க" என்று மட்டும் கேட்டாராம். முதலில் 9 கிலோ 700 கிராம். தட்டு மாறியதும் 10 கிலோ 300. உண்மை எடை நடுவில், ஏறத்தாழப் பத்துக் கிலோ. சுற்றி நின்றவர்களும் தங்கள் மூட்டைகளைத் தட்டு மாற்றி வைக்கச் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. எத்தனை ஆண்டுகளாக அந்த முந்நூறு கிராம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நான் மட்டும் ஓர் இரவு உட்கார்ந்து பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் அந்த வியாபாரி மின்னணுத் தராசு வாங்கிவிட்டார். அதில் தட்டு ஒன்றுதானே சார், எப்படி மாற்றி வைப்பது என்று அந்த மாணவி வந்து கேட்டாள். முத்திரையிட்ட ஒரு கிலோ எடைக்கல்லைக் கையோடு கொண்டுபோய் முதலில் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.