சமத்தில் மிதிக்கவும்

லூப்பர் என்று ஒரு சாமான் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு இரும்புப் பெட்டி. மேலே, காலால் மிதிக்க ஒரு பட்டன். முதல் மிதியில் நீங்கள் வாசிப்பதைப் பதிய ஆரம்பிக்கும். இரண்டாவது மிதியில் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கும். மூன்றாவது மிதித்தால் அதன் மேலேயே இன்னொன்றைப் பதியலாம். அடுக்கிக்கொண்டே போனால் நீங்கள் ஒருத்தரே ஒரு கோஷ்டி!

சமாசாரம் புதிதல்ல. 1965-ல் ஸ்டீவ் ரைக் என்ற அமெரிக்கர் ஒரு தெருப் பிரசங்கியின் குரலை இரண்டு டேப் வளையங்களில் ஓடவிட்டார். இரண்டும் மெல்ல மெல்ல விலகின. அந்த விலகலையே சங்கீதம் ஆக்கினார். 2017-ல் கிளாஸ்டன்பரி மேடையில் எட் ஷீரன் கிடாரும் லூப் பெடலுமாகத் தனி ஆளாக நின்று பெருங்கூட்டத்தைச் சமாளித்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. ஒன்று வாங்கிவிட்டேன்.

எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் அரங்கேற்றம். கிடார், லூப்பர், பக்கத்தில் தாளத்துக்கு ஒரு டிரம் மெஷின். ஒரு நிமிஷம் ஜோராகப் போயிற்று. அப்புறம் கிடார் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். குழந்தைகள் சிரித்தன. முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கையை நிறுத்திக்கொண்டார். எனக்கு அதுதான் வலித்தது.

கணக்கு எளிசு. நிமிஷத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை செகண்டு. 16 அடிக்கு 8 செகண்டு. நான் 30 மில்லிசெகண்டு தாமதமாக மிதித்தேன் என்று வையுங்கள். கண் இமைப்பதைவிடக் குறைவு. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த 30 சேரும். எட்டு சுற்றில் 240. கிட்டத்தட்ட அரை அடி போச்சு!

விழா முடிந்ததும் பெரியவர் கூப்பிட்டார். மிருதங்க வாத்தியார். பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. வலது கையால் என் தோளைத் தட்டி, “தம்பி, வாசிச்சு முடிச்சாச்சுன்னு மிதிக்கறீங்க. அது தப்பு. அடுத்த சமம் விழற இடத்துல மிதிக்கணும்” என்றார்.

வீட்டுக்கு வந்து பெடலோடு வந்த புத்தகத்தைப் புரட்டினால் அதிலும் அதேதான். சோம்பேறிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. டிரம் மெஷினையும் லூப்பரையும் மிடி ஒயரால் இணைத்துவிட்டால், அது அடிக்கு 24 துடிப்பு வீதம் அனுப்பும். லூப்பர் அதை எண்ணிக்கொண்டு, நாம் முன்னே பின்னே மிதித்தாலும் சரியான இடத்தில் வெட்டிக்கொள்ளும். நான் ஒயர் கட்சி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரே வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே பேரன், மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு.

“அந்த மிஷினைக் கொஞ்சம் போடுங்க.”

நாற்காலியில் உட்கார்ந்தார். மிருதங்கத்தை ஸ்டூலில் திருப்பி வைக்கச் சொன்னார். தொப்பி வலது கைப் பக்கம் வந்தது. மைக்கைச் செருகினேன். ஒயரை எடுத்தேன். “வேண்டாம்” என்றார். வலது காலால் மிதித்து, வலது கையால் தொப்பியை மட்டும் ஆதி தாளத்தில் வாசித்தார். சமத்தில் மிதித்தார். பெட்டி சுற்ற ஆரம்பித்தது.

“இப்போ திருப்புடா.”

பேரன் திருப்பினான். வலந்தலை வந்தது. அதே கையால் அதன் மேல் வாசித்தார்.

இரண்டு கை மிருதங்கம்! நாலு வருஷத்துக்கப்புறம் என்று பேரன் சொன்னான். பத்து சுற்று, இருபது சுற்று போயிற்று. ஓர் இழை விலகவில்லை. இடது கை பாட்டுக்கு மடியில் கிடந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்குத் தொண்டையை அடைத்தது. ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

“தொப்பி கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. மறுபடி எடுக்கலாம்” என்றார்.

ஆறு மாசமாகப் பெடல் அவர் வீட்டில்தான் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.