பாறை ஏறும் ஊர்

"தமிழ்நாட்டு நம்பர் வண்டியில வரலாமாடா? கண்ணாடிய உடைச்சிற மாட்டாங்களே?" மதுரையிலிருந்து குடும்பத்தோடு காரில் கிளம்புமுன் அண்ணன் போனில் கேட்டார். 1991-இலும் 2016-இலும் காவிரிக் கலவரத்தில் இங்கே பெங்களூரில் நடந்ததை நானும் மறக்கவில்லை. 2025-இல் கன்னட மொழி பற்றிய கமல்ஹாசன் பேச்சையொட்டி எழுந்த சண்டையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவே இரண்டு மாநிலமாகப் பிரிந்து கிடந்தது. ஆனாலும் இந்த ஊரில் பிள்ளை வளர்க்கிறவனுக்கு அந்தக் கேள்வி சுடத்தான் செய்கிறது. மற்ற நாட்களில் இங்கே எப்படி வாழ்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

வந்தார்கள். விதான சௌதா, சர்ச் ஸ்ட்ரீட், பதினெட்டு ஆண்டு மூடிக்கிடந்து 2009-இல் திறக்கப்பட்ட அல்சூர் திருவள்ளுவர் சிலை எல்லாம் ஒரே பகலில் முடிந்தன. எந்தச் சுற்றுலா வண்டியும் காட்டுகிறவைதான். நான் காட்ட நினைத்தது லால்பாக்கில் இருந்தது. கண்ணாடி மாளிகையைச் சொல்லவில்லை. கெம்பே கௌடா கோபுரம் நிற்கும் மொட்டைப் பாறையைச் சொல்கிறேன். வயது சுமார் முந்நூறு கோடி ஆண்டு, தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். சாயங்காலமானால் காதலர்களும் தாத்தாக்களும் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஊருக்குப் பாறையோடு ஒரு உறவு இருக்கிறது. எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

மறுநாள் இருட்டோடு கிளம்பி ராமநகரா போனோம். மைசூரு சாலையில் ஐம்பது கிலோமீட்டர். 'ஷோலே' எடுத்த இடம் என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். ஞாயிறு விடியலில் கயிற்று மூட்டையோடு வந்திறங்கும் கூட்டம் வேறு. கல்லூரிப் பிள்ளைகள், ஐடி வேலைக்காரர்கள், பத்து வயது மகளோடு ஒரு அம்மா. வெயில் வருமுன் பாறையில் ஏறி முடிக்க வேண்டும். கல் சூடாகிவிட்டால் காலணியின் ரப்பர் அடிப்பாகத்தின் பிடிப்பு குறையும், கை வியர்த்து வழுக்கும். பல இடங்களில் விரல் நுழைய ஒரு பொந்துகூட இருக்காது. சரிந்த கருங்கல்லும் காலின் உராய்வும் மட்டும்தான். ஒன்பதாவது படிக்கும் அண்ணன் மகள் பதினைந்தடி உயரத்தில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். "கையால இழுக்காதம்மா, காலை நம்பு" என்று கீழிருந்து தமிழிலேயே சொன்னார், அவள் கயிற்றைப் பிடித்திருந்தவர். சொந்த ஊர் மண்டியா. காவிரிச் சண்டை என்றதும் தொலைக்காட்சியில் வருமே, அதே மண்டியா. அவள் தவறினால் தாங்கவேண்டிய கயிறு அவர் கையில்தான் இருந்தது. மதினி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிள்ளை உச்சிக்குப் போனதும் அவளைவிட உரக்கக் கத்தியவர் அவர்தான்.

அந்தக் கூட்டத்திடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. பக்கத்து ராமதேவர பெட்டா 2012-இல் பாறுக் கழுகுகளின் சரணாலயமானது. கழுகு கூடு கட்டும் பாறையில் கயிறு போடக்கூடாது என்பதை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். நகரத்தின் தென்கோடியில் துரஹள்ளிக் காட்டுக்குள் பூங்கா கட்டும் திட்டம் 2021-இல் வந்தபோது, எதிர்த்து நின்று கைவிடவைத்தது ஊர்மக்கள்தான். சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் கயிறில்லாமல் ஏறும் ஜோதிராஜைக் கன்னடர்கள் தங்கள் பிள்ளையாகக் கொண்டாடுகிறார்கள், சினிமாவே எடுத்தார்கள். அவர் பிறந்தது நம் தேனி மாவட்டம். மொழிச் சண்டை போடுகிறவர்கள் யாரும் இதைப் பேசக் காணோம்.

நம் ஊரை நினைத்தால் கோபம் வருகிறது. மதுரையைச் சுற்றி இல்லாத பாறையா? மேலூர்ப் பக்கம் எத்தனை குன்றுகளைக் கிரானைட்டாக அறுத்து ஏற்றுமதி செய்தோம்! கீழவளவில் மலை இருந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது.

"இங்க மட்டும் கல் உடைக்கலையா?" என்றார் அண்ணன், திரும்பும் வழியில். உடைக்கிறார்கள். சாமராஜநகரின் கறுப்புக் கல் உலகமெங்கும் கல்லறைப் பலகையாகப் போகிறது. அண்ணன் பேச்சில் நியாயம் உண்டு. 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்க வந்த திட்டத்தை ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் தடுத்தார்கள். அரிட்டாபட்டிக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது கிராமங்கள் திரண்டு மதுரைக்கே நடந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தக் குன்றுகளில் சமணர் படுக்கையும் இரண்டாயிரம் ஆண்டைத் தாண்டிய தமிழி எழுத்தும் இருக்கின்றன. ராமநகராவில் அப்படி எதுவும் நான் பார்த்ததில்லை. பசுமை நடை என்ற அமைப்பினர் மாதந்தோறும் மதுரைக்காரர்களை அங்கே அழைத்துப்போய் வரலாறு சொல்கிறார்கள். அதைவிட நல்ல சுற்றுலாவை நான் பெங்களூரில் கண்டதில்லை.

ஆனால் அங்கே போகிற பிள்ளை பாறையைப் பார்த்துவிட்டு வருகிறாள், தொடுவதில்லை. கல்வெட்டும் படுக்கையும் கோயிலும் இல்லாத வெறும் பாறைகள் மதுரை மாவட்டத்தில் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. எவற்றில் ஏறலாம், எவற்றில் கூடாது என்று தொல்லியல் துறையும் வனத்துறையும் ஊர்ப் பஞ்சாயத்தும் உட்கார்ந்து எல்லை வகுக்கட்டும். கயிறும் ஹெல்மெட்டும் விளையாட்டு ஆணையம் கொடுக்கட்டும். முதல் வருடத்துக்குப் பயிற்சியாளர்களை ராமநகராவிலிருந்து நானே கூட்டிவருகிறேன், கர்நாடக நம்பர் வண்டியில்.