ஒரு வோல்ட்டுக்கு ஒன்பது சுற்று

பெரியப்பா காலமானபின் அவருடைய இசைத்தட்டுகள் என்னிடம் வந்து சேர்ந்தன. அடுக்கின் மேலே எம். எஸ். சுப்புலட்சுமியின் ‘ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதம்’, 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட எல்.பி. மும்பையில் ஷண்முகானந்தா அரங்கம் திறந்ததும் அதே 1963இல்தான். மாட்டுங்காவாசியான பெரியப்பா இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்.

புதிதாக ஒரு டர்ன்டேபிள் வாங்கி வீட்டிலிருந்த ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். எம்.எஸ். நாலு வீடு தள்ளிப் பாடுவதுபோல் கேட்டது. கீழ் ஸ்தாயி காணவே காணோம். “பாவு தாஜி ரோட்டுல ஒரு மாமா இருக்கார், இதையெல்லாம் கையாலயே பண்ணுவார், போய்ப் பாரு” என்றார் நண்பர்.

மூன்றாவது மாடி. மாமா ஓய்வு பெற்ற இன்ஜினியர். மேஜையில் பாதி சுருதிப் பெட்டிகள், பாதி சால்டரிங் சாமான்கள். காபி வருவதற்குள் என் பிரச்சினையைச் சொல்லிவிட்டார்.

“உங்க பெரியப்பாகிட்ட இருந்தது எச்.எம்.வி. ஃபியஸ்டாதானே? அதுல செராமிக் ஊசி. அதுவே தாராளமா வோல்ட் குடுக்கும். இது காந்த ஊசி. குடுக்கறது வெறும் அஞ்சு மில்லிவோல்ட். நூறு மடங்கு பெருக்கினாத்தான் உங்க ஆம்ப்ளிஃபயர் காதுலயே விழும்.”

பெருக்கினால் மட்டும் போதாதாம். தட்டில் வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளை அடக்கி, உச்ச ஒலிகளைத் தூக்கி வெட்டுகிறார்கள். அப்படியே வெட்டினால் தாழ்ந்த ஒலிக்கு ஊசி அகலமாக ஆடி, பக்கத்துப் பள்ளத்துக்குள் பாய்ந்துவிடும். கேட்கும்போது அந்தக் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும். முன்பு கம்பெனிக்கு ஒரு கணக்கு இருந்தது. 1954இல் அமெரிக்க இசைத்தட்டுச் சங்கம் கொண்டுவந்த ஆர்.ஐ.ஏ.ஏ. அளவுதான் பிறகு எல்லோருக்கும் பொதுவானது. 3180, 318, 75 மைக்ரோ வினாடி என்று மாமா மூன்று எண்களை எழுதி, அவற்றிலிருந்து ரெசிஸ்டர், கெபாசிட்டர் மதிப்புகளைக் கணக்கிட்டார். அந்தப் பக்கத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். புரியவில்லை.

சாமான் வாங்க மாட்டுங்கா ரோடில் ரயிலேறி கிராண்ட் ரோடில் இறங்கினோம். லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் வாங்கிய, ஒலியைப் பெருக்கும் 5532 ஐ.சி. வீட்டுக்கு வந்ததும் டூப்ளிகேட் என்று தெரிந்தது. மறுபடி போனோம். அந்த ஒரு நாள் அலைச்சலை விவரிக்கப் போவதில்லை.

மாமா சால்டர் செய்து முடித்த போர்டை வைக்க மாமி ஓர் எவர்சில்வர் டப்பாவை நீட்டினார். மாமா ஃபிரிட்ஜிலிருந்து ஒரு காந்த பொம்மையை எடுத்து அதில் வைத்தார். வழுக்கி விழுந்தது. “ஒட்டலை பார்த்தேளா? காந்தம் ஒட்டாத டப்பா காந்தப்புலத்தைத் தடுக்காது. ஈயமும் லேசில் பிடிக்காது.” கடைசியில் ஒரு பிஸ்கட் டின் அமைந்தது. பொம்மை ஒட்டியது, ஈயமும் பிடித்தது.

இரண்டு 9 வோல்ட் பேட்டரி போட்டு ஓட்டினோம். பின்னணியில் அப்படி ஒரு நிசப்தம். அதன்மேல் தம்புரா, அதன்மேல் எம்.எஸ். மாமி சமையலறையிலிருந்து வந்து நின்றார். ஆனால் தினமும் கேட்டால் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? கடையில் ஒரு 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, நாலு டையோடு, கெபாசிட்டர்கள், 7812, 7912 ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்து சப்ளை ஒன்று செய்தோம். ஸ்விட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று கிளம்பியது, எம்.எஸ். கேட்காத ஒரு சுருதி.

நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கில் தாழ்ந்த ஒலிகளுக்குத்தான் தூக்கல் அதிகம். நடு ஸ்தாயியை நூறு மடங்கு பெருக்கும் அதே போர்டு 50 ஹெர்ட்ஸை எழுநூறு மடங்கு பெருக்குகிறது. மாமா டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் எடுத்து மெல்லத் திருப்பினார். திருப்பத் திருப்ப ரீங்காரம் ஏறி இறங்கியது. “இது கம்பி வழியா வரலை. காத்து வழியா வரது. இரும்பு கசியறது. வாங்கோ, சுத்தறவர்கிட்டயே போயிடலாம்.”

தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே போனால் இன்னொரு மாட்டுங்கா இருக்கிறது. மாட்டுங்கா லேபர் கேம்ப், தாராவியின் ஒரு பகுதி. பூக்கடையும் இட்லிக் கடையும் உள்ள கிழக்கு மாட்டுங்காவில் வளர்ந்த நான் அதுவரை அங்கே போனதில்லை. அங்கும் தமிழ்தான், திருநெல்வேலித் தமிழ்.

மரப்படி ஏறினால் மேலே ஓர் அறை. அங்கே காயில் சுற்றும் அண்ணாச்சிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அவருடைய அப்பா தாராவித் தோல் பதனிடும் கூடத்தில் வேலைக்கு வந்தவர். மகனுக்கு அந்த நாற்றம் வேண்டாம் என்று பதினாலு வயதில் காயில் சுற்றப் போட்டிருக்கிறார். ரேடியோ எலிமினேட்டர், டி.வி. ஸ்டெபிலைசர் என்று ராவும் பகலும் சுற்றிய காலம் உண்டாம். இப்போது எல்லாவற்றுக்கும் இறகு மாதிரி எடையில்லாத அடாப்டர் வந்துவிட்டது. இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

மாமா கொண்டுபோன கடைச் சரக்கை அவர் கையில் எடை பார்த்தார், பிரிக்கவில்லை. “இது வோல்ட்டுக்கு அஞ்சு சுத்து. இந்தக் கோருக்கு ஏழாவது வேணும்.”

எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் விளங்கியது. சுற்று குறைந்தால் செம்பு மிச்சம். ஆனால் அந்தப் பளுவை இரும்பு சுமக்கிறது. அதன் காந்தம் நிரம்பித் ததும்பி வெளியே கசிகிறது. மாமா வீட்டில் ‘ம்ம்ம்’ என்று பாடியது யாரோ மிச்சம்பிடித்த செம்பு.

“உங்களுக்கு ஒம்பது போடுதேன்” என்றார். 230 வோல்ட்டுக்கு 2070 சுற்று. மெஷின் என்பது கைப்பிடி, கவுண்டர், பாபின் மாட்டும் தண்டு, அவ்வளவுதான். வலக்கை சுழற்றியது, இடக்கையின் இரண்டு விரல்கள் முடியளவு மெல்லிய கம்பியை வரிசை பிசகாமல் நடத்தின. அந்த விரல்நுனிகளில் ரேகை இல்லை. கவுண்டரை அவர் பார்க்கவே இல்லை, நிறுத்திய இடத்தில் 2070 இருந்தது.

பிறகு செய்ததுதான் நுட்பம். சுற்றியதன்மேல் மெல்லிய செம்புத்தாளைச் சுற்றி, அதிலிருந்து ஒரு வயரை எர்த்துக்கு எடுத்தார். மின்கம்பியின் இரைச்சல் அடுத்து மேலே வரும் கம்பிச்சுருளுக்குத் தாவாமல் இருக்க அது ஒரு திரை. தாளின் இரு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் லெதராய்டு காகிதத்தைச் செருகினார். “ரெண்டும் தொட்டுட்டா அதுவே ஒரு சுத்தாயிரும். எரிஞ்சிரும்.” அதன்மேல் இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து 140 சுற்று, இரு பக்கமும் இம்மி பிசகாமல் இருக்க. ‘ஈ’ தகடும் ‘ஐ’ தகடும் மாற்றி மாற்றிக் கோத்து, வார்னிஷில் முக்கித் தொங்கவிட்டார்.

கடைகளுக்கும் நீங்கள்தானே சுற்றுகிறீர்கள், அங்கே மட்டும் ஏன் அஞ்சு சுற்று என்று கேட்டேன். சிரித்தார். வியாபாரி செம்பை எடை போட்டுக் கொடுக்கிறார், முடிந்த சரக்கையும் எடை போட்டு வாங்குகிறார். “ஏழு சுத்துக்குக் கம்பியே தர மாட்டாவ. பொறவு ஹம் வருதுன்னு சரக்கு திரும்பி வந்தா, கூலில பிடிப்பாவ.” சரக்கின்மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர் வேறு யாருடைய பெயரிலோ. கம்பியைக் குறைக்கச் சொன்னவர் ஒருவர், பழியைச் சுமப்பவர் இன்னொருவர். தரமில்லாத உள்ளூர்ச் சரக்கு என்று முகம் சுளித்து வெளிநாட்டுப் பெட்டி வாங்குகிற என்னைப் போன்றவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. ஐம்பது வருஷமாக ஒன்பது சுற்றத் தெரிந்த கையை அஞ்சோடு நிறுத்தி வைத்திருக்கிறோம்.

வார்னிஷ் காய்ந்ததும் மாமா அதைத் தனி டின்னில் வைத்து, ஒரு முழம் வயரில் போர்டோடு இணைத்தார். எர்த் வயர்கள் எல்லாம் ஒரே புள்ளியில். ஸ்விட்சைப் போட்டார். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தால் மெல்லிய ‘ஸ்ஸ்’ மட்டும். ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்தால் அதுவும் இல்லை.

அண்ணாச்சி கேட்ட கூலி, கடையில் அந்த மட்டச் சரக்குக்கு நான் கொடுத்த விலையைவிடக் குறைவு. செம்பு விலையையும் சேர்த்து இரண்டு மடங்காகக் கொடுத்தேன். மறுத்துவிட்டு, செம்புக்கும் கூலிக்கும் மட்டும் எடுத்துக்கொண்டார். உங்கள் பெட்டியும் ரீங்கரித்தால் புது பிராண்டைத் தேடாதீர்கள். உங்கள் ஊரில் காயில் சுற்றுபவர் யார் என்று விசாரித்து நேரே அவரிடம் போங்கள். வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று கேளுங்கள். கம்பிக்கான காசை அவர் கையிலேயே கொடுங்கள்.