சிகாகோவைத் தாண்டி ரெண்டு மணி நேரம்

1/ சிகாகோ வர்ற நம்ம ஆட்கள் பாக்கிற இடம் எல்லாம் ஒண்ணுதான். மில்லேனியம் பார்க் பீன், வில்லிஸ் டவர், நேவி பியர், ஏரிக்கரை. கடைசியா அரோரா பாலாஜி கோயில். புளியோதரை சாப்பிட்டுட்டு காரைத் திருப்பிடுவோம். அதோட ஊர் முடிஞ்சது. நானும் ஆறு வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

2/ அரோராவுக்கு மேற்கே என்ன இருக்குன்னு என்னைப் போய்ப் பாக்க வெச்சது ஒரு நோயாளி. ஊர் சுத்திப் பாக்கிற இழைதான் இது. ஆனா நடுவுல கொஞ்சம் மருத்துவமும் வரும். அடையாளம் தெரியக்கூடாதுங்கிறதுக்காக அவரைப் பத்தின சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

3/ அவர் விவசாயி, வயசு அறுபதைத் தாண்டியாச்சு. ராக் ஆற்றுப் பக்கம் ஒரு சின்ன ஊர். பைபாஸ் பண்ணது சிகாகோவுல, அதனால ஃபாலோ-அப்பும் எங்க கிளினிக்லதான். இதயத்தோட பம்பிங் குறைவு. குளிர்காலத்துல ஒழுங்கா வருவார். செப்டம்பர், அக்டோபர்ல மட்டும் ஆளையே காணோம்.

4/ ரெண்டு வருஷமும் இதே கதை. அப்பாயின்ட்மென்ட்டுக்கு வரமாட்டார். கொஞ்ச நாள்ல கால் வீங்கி, மூச்சு வாங்கி, நுரையீரல்ல நீர் கோத்து அட்மிட் ஆவார். நான் ஃபைல்ல என்ன எழுதினேன் தெரியுமா? "நோயாளி ஒத்துழைப்பதில்லை." எழுதி முடிக்க எனக்கு அஞ்சு செகண்ட் கூட ஆகியிருக்காது.

5/ ரெண்டாவது தடவை டிஸ்சார்ஜ் பண்றப்ப, உப்பு குறைங்க, மாத்திரையை விடாதீங்கன்னு வழக்கமான பாட்டைப் பாடினேன். அவர் தலையாட்டினார். அவர் மனைவிதான் நிதானமா கேட்டாங்க: "டாக்டர், நீங்க எங்க பக்கம் எப்பவாவது வந்திருக்கீங்களா?" கோவமே இல்லை அந்தக் குரல்ல. எனக்குத்தான் பதில் இல்லை.

6/ அடுத்த சனிக்கிழமை லீவு. காலைல ஆறு மணிக்கு ஐ-88ல மேற்கே கிளம்பினேன். அரோரா தாண்டி கொஞ்ச தூரத்துல வீடுகள் நின்னுபோகும், அப்புறம் வானம்தான். அக்டோபர்ல சோளம் பச்சையா இருக்காது, காய்ஞ்சு வெளிர் பழுப்புல நிக்கும். அறுத்த சோயா வயல் ஷேவ் பண்ண தாடை மாதிரி இருக்கும்.

7/ முதல்ல வர்றது டிகால்ப். கல்யாண மண்டபத்துலேர்ந்து காலி மனை வரைக்கும் நாம போடுற முள்கம்பி வேலி இருக்கே, அதுல வெற்றிபெற்ற வடிவத்துக்கு ஜோசஃப் கிளிடன்ங்கிற விவசாயி 1874ல காப்புரிமை வாங்கினது இந்த ஊர்லதான். மரமே இல்லாத புல்வெளில கட்டை வேலி போட வழியில்லாததால வந்த யோசனை.

8/ பெரிய சாலைய விட்டு இறங்கிடுங்க. உள்ளூர் ரோடு எல்லாம் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி, ஒவ்வொரு மைலுக்கும் ஒரு குறுக்கு ரோடு. 1785 நில அளவைச் சட்டத்துல நாட்டையே ஒரு மைல் சதுரமா வெட்டினாங்க. ஒரு சதுரம் 640 ஏக்கர். அந்தக் கோடுதான் இன்னிக்கும் ரோடு.

9/ ஊர் வர்றது தூரத்துலேயே தெரிஞ்சுடும். முதல்ல தானியம் சேமிக்கிற இரும்புக் குதிர்கள். நம்ம ஊர்ல மண்ணுல பண்ற குதிர்தான், இங்க மூணு மாடி உயரம். அப்புறம் ஊர்ப் பேர் எழுதின தண்ணி டேங்க், ஒரு சர்ச், மக்கள் தொகை எழுதின போர்டு. ஒரு ஊர்ல 412ன்னு இருந்தது. எங்க அபார்ட்மென்ட்ல அதைவிட ஜாஸ்தி.

10/ ராக் ஆத்தங்கரைல டிக்சன். ரொனால்ட் ரீகன் சின்ன வயசுல இருந்த வீடு இங்க இருக்கு. இதே ஆத்துல அவர் லைஃப்கார்டா வேலை பாத்திருக்கார். பக்கத்துலேயே கிராண்ட் டிடூர். ஆறு பெருசா ஒரு வளைவு எடுக்கிறதால அந்தப் பேர்.

11/ கிராண்ட் டிடூர்லதான் ஜான் டியர்ங்கிற கொல்லர் 1837ல எஃகு கலப்பை செஞ்சார். இந்த மண்ணு நம்ம கரிசல் மாதிரி கறுப்பு, பிசுபிசுப்பு. பழைய வார்ப்பிரும்புக் கலப்பைல அப்பிக்கும், நாலடிக்கு ஒருதடவை சுரண்டணும். உடைஞ்ச ரம்பத் தகட்டுலேர்ந்து வழுவழுன்னு ஒரு கலப்பை பண்ணார், மண் தானா வழுக்கி விழுந்தது.

12/ அந்தக் கலப்பை ஜெயிச்சதுல தோத்தது புல்வெளி. இல்லினாய்க்கு "ப்ரெய்ரி மாநிலம்"னு பட்டப்பேர், ஆனா பழைய ப்ரெய்ரில அங்கங்க துண்டுதுணுக்குதான் மிச்சம். டிக்சன் பக்கம் நச்சூசா புல்வெளியை மறுபடி வளர்த்து, 2014ல காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்காங்க. அதிர்ஷ்டம் இருந்தா ரோட்டுலேர்ந்தே தெரியும். எனக்கு அன்னிக்கு தூரத்துல நாலு கறுப்புப் புள்ளி தெரிஞ்சது. அதுவே போதும்னு இருந்தது.

13/ சாயங்காலம் அவர் ஊர்ப் பக்கம் வந்தேன். முன்னாடியே போன் பண்ணிக் கேட்டிருந்தேன். "வயலுக்கே வந்துடுங்க, வீட்டுல யாரும் இருக்கமாட்டோம்"னார். ரோட்டோரமா காரை நிறுத்தினா, தூசிக்கு நடுவுல ஒரு வீடு நகர்ந்து வர்ற மாதிரி அறுவடை மெஷின். மேலே கண்ணாடிக் கூண்டுல அவர்.

14/ பக்கத்து சீட்ல உக்கார வெச்சார். "மழைக்கு முன்னாடி முடிக்கணும் டாக்டர். வருஷம் பூரா போட்ட காசு இந்த ஆறு வாரத்துலதான் திரும்பி வரும்." காலைல ஏறினா ராத்திரி பத்து மணி வரைக்கும் அந்தக் கூண்டுலதான். சாப்பாடு கூட மனைவி வயலுக்குக் கொண்டுவர்றாங்க.

15/ அப்புறம் என்னைப் பாக்காம, முன்னாடி சோளத்தைப் பாத்துக்கிட்டே சொன்னார்: "அந்தத் தண்ணி மாத்திரை... அறுவடை நாள்ல நான் போடறதில்லை. உங்க கிட்ட வர்ற நாள்லயும் போடறதில்லை."

16/ விளக்கிடறேன். பம்பிங் குறைஞ்சா உடம்புல உப்பும் நீரும் தங்கும். அதை வெளியேத்தத்தான் ஃபுரோசமைடு. வாயில போட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள வேலையை ஆரம்பிக்கும், ஆறு மணி நேரம் போல இருக்கும். அவ்வளவு நேரமும் பாத்ரூமுக்கு ஓட்டம்தான்.

17/ நான் எழுதியிருந்தது "காலையில் ஒன்று". காலைல போட்டா அவர் அந்தக் கூண்டை விட்டு அரை மணிக்கு ஒருதடவை இறங்கி ஏறணும். பைபாஸ் ஆன, முட்டி தேஞ்ச மனுஷன். கிளினிக்குக்கு வரணும்னா ரெண்டு மணி நேர டிரைவ், அப்புறம் சிட்டி டிராஃபிக். வழியில எங்க நிறுத்துவார்? வெக்கத்துல என்கிட்ட சொல்லலை. நானும் கேக்கலை.

18/ மதுரைல ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப முதல் பஸ் பிடிச்சு வர்ற அம்மாக்களைத் திட்டியிருக்கேன். "ஏம்மா மாத்திரை போடாம வந்தீங்க?"ன்னு. மூணு மணி நேர பஸ்ல ஒரு பொம்பளை தண்ணி மாத்திரை போட்டுட்டு எப்படி வருவாங்க? இந்தக் கேள்வி எனக்கு அப்ப வரலை. பதினாலு வருஷம் கழிச்சு ஒரு இல்லினாய் சோளக்காட்டுல வந்தது.

19/ திங்கக்கிழமை போய் மூணு விஷயம் மாத்தினேன். மாத்திரை நேரம்: வேலை நாள்ல வசதியான மதியத்துக்கு மேல, கிளினிக் நாள்ல வீடு திரும்பினதும். ரத்தப் பரிசோதனை: அவங்க ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிலேயே. அக்டோபர் விசிட்: வீடியோல. தினமும் காலைல எடை பாத்து எழுதணும், திடீர்னு ஏறினா உடனே போன். இது அவருக்காகப் போட்ட கணக்கு. உங்க மாத்திரை நேரத்தை உங்க டாக்டரைக் கேக்காம மாத்தாதீங்க.

20/ அந்த "பக்கத்து ஆஸ்பத்திரி" மாதிரி அமெரிக்க கிராமங்கள்ல நிறைய உண்டு. 1997ல சட்டம் போட்டுக் காப்பாத்த ஆரம்பிச்ச சின்ன ஆஸ்பத்திரிகள், அதிகபட்சம் 25 படுக்கை. விசா சலுகைக்காக மூணு வருஷம் கிராமத்துல வேலை பாக்கிற கான்ராட் 30 டாக்டர்கள்ல நம்ம ஆட்களும் உண்டு. அவங்களை "சிட்டி கிடைக்காதவங்க"ன்னு நினைச்சவன் நான். அந்த நினைப்பும் அன்னியோட போச்சு.

21/ ராத்திரி திரும்பலை, மேற்கேயே போய் அடுத்த நாள் கலீனா பாத்தேன். சிகாகோலேர்ந்து நேராப் போனா மூணு மணி நேரம். இல்லினாய் தோசைக்கல் மாதிரி தட்டைன்னு நினைச்சிருப்பீங்க. பனிப்பாறைகள் தேய்ச்சுத் தட்டையாக்கினது அது. இந்த வடமேற்கு மூலையை மட்டும் பனி தொடலை. திடீர்னு குன்று, பள்ளத்தாக்கு, வளைஞ்சு போற ரோடு.

22/ கலீனான்னா ஈயத் தாது. சுரங்கத்தால வளர்ந்த ஊர், ஆத்துல நீராவிப் படகு வந்த ஊர். ஆறு மண்மேடாகி, ரயில் வந்ததும் அப்படியே நின்னுபோச்சு. அதனாலதான் செங்கல் கட்டடம் எல்லாம் தப்பிச்சது. 1860ல அப்பாவோட தோல் கடைல வேலைக்கு வந்த யுலிசஸ் கிரான்ட், 1865ல போர்ல ஜெயிச்சுத் திரும்பினப்ப ஊர்க்காரங்க குடுத்த வீடு இன்னும் இருக்கு.

23/ போறவங்களுக்கு: ஒரு நாள்னா டிகால்ப், டிக்சன், கிராண்ட் டிடூர், நச்சூசா. ரெண்டு நாள்னா கலீனாவும் சேருங்க. குளிர்காலத்துல ஸ்டார்வ்ட் ராக் போனா இல்லினாய் ஆத்துல மொட்டைத்தலைக் கழுகு பாக்கலாம், ஆனா பாறை விளிம்புல செல்ஃபி வேண்டாம். அக்டோபர், நவம்பர்ல பொழுது சாயற நேரம் மான் குறுக்கே பாயும். முன்னாடி ஆரஞ்சு முக்கோணம் தெரிஞ்சா அது மெதுவாப் போற பண்ணை வண்டி, ஹாரன் அடிக்காதீங்க. எதிர்ல வர்றவர் ஸ்டியரிங்லேர்ந்து ஒரு விரல் தூக்குவார். அதான் வணக்கம். நீங்களும் தூக்குங்க.

24/ அடுத்த வருஷ அறுவடை அட்மிஷன் இல்லாம முடிஞ்சது. மாத்திரை நேரம் மட்டும்தான் காரணம்னு சொல்லமாட்டேன். ஆனா ஃபைல்ல இருந்த அந்த வரிக்குக் கீழே நான் ஒரு திருத்தம் எழுதினேன்: "நோயாளி ஒத்துழைக்கிறார். மருந்து நேரம் தவறாகக் கொடுக்கப்பட்டிருந்தது."

25/ டாக்டர் நண்பர்களே, புது நோயாளி வந்தா ஒரு கேள்வி சேத்துக்குங்க: "எந்த ஊர்லேர்ந்து, எத்தனை மணிக்குக் கிளம்பி வந்தீங்க?" மத்தவங்க, மாத்திரை போடாததுக்கு ஒரு காரணம் இருந்தா வெக்கப்படாம சொல்லிடுங்க. நாங்க கேக்க மறந்திருப்போம்.