பூவல் நீரும் சவர்க்காரமும்

வைகறையில் எழுந்து, கிணற்றடியில் நின்று, இருபது வாளி நீரையேனும் தலையில் வார்த்துத் திருநீறு தரித்தாலன்றிப் பொழுது விடிந்ததாக எமக்குத் தோன்றுவதில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளில் வளர்ந்த பலருக்கும் இது இயல்பே. குளித்தவன் சுத்தன், குளியாதவன் அழுக்கன் என்பதே நாம் நெடுங்காலமாகக் கைக்கொண்டிருந்த கணக்கு. அக்கணக்கில் பெரும்பிழை உண்டென்பதை, 2018 ஆம் ஆண்டில் கதிர்காமத்துக்குக் காட்டுவழியே நடந்து சென்றபோதுதான் கண்டுகொண்டோம்.

உகந்தை முருகனை வழிபட்டுக் குமண வனத்தினுள் நுழைந்தால், யால வனத்தையும் கடந்து கதிர்காமம் சேரும்வரை மரநிழலே கூரை. திருவிழாவை ஒட்டிச் சில நாள்களுக்கு மட்டுமே அப்பாதையைத் திறந்துவிடுவர். ஆகவே ஆயிரக்கணக்கான அடியார்கள் ஒருவர் தங்கிய இடத்திலேயே மற்றவரும் தங்கி, ஒருவர் அள்ளிய நீரையே மற்றவரும் அள்ளிச் செல்லவேண்டியதாகும். எம்முடன் தமக்கையாரின் மகனும் வந்தான். அப்பொழுது உயர்தர வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தவன்.

கும்புக்கன் ஆறுவரை யாதொரு குறையுமில்லை. அங்கே முதலைப் பயம் உண்டாதலால், கூட்டமாகக் கரையோரத்தில் நின்று நீராடினோம். அதற்கப்பால்தான் சோதனை தொடங்கிற்று. வறண்ட மணற்படுகையைச் சிரட்டையாலும் கையாலும் தோண்டி, ஊறிவரும் நீரைக் காத்திருந்து அள்ளவேண்டும். மட்டக்களப்பார் அக்குழியைப் பூவல் என்பர்.

இரண்டு நாள் குளியாதிருந்தது எமக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள், எல்லோரும் உறங்குகையில் எழுந்து, முதல்நாள் வேறெவரோ தோண்டியிருந்த பூவலின் விளிம்பில் அமர்ந்து, சவர்க்காரம் தேய்த்து, பதினைந்து செம்பு நீர் வார்த்துக்கொண்டோம். என்ன சுகம்! பின்னர், புழுதி படிந்த முகத்துடன் எழுந்து வந்தவர்களைச் சற்றே ஏளனமாக நோக்கினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

விடிந்ததும், அறுபது வயதைக் கடந்த மட்டக்களப்பு அம்மையார் ஒருவர் குடத்துடன் வந்தார். பூவலில் நுரை மிதந்தது. குனிந்து மணந்து பார்த்தார். எமது ஈரத் தலையையும் பார்த்தார்.

“இந்தத் தண்ணியத்தானே மனே நாம எல்லாரும் குடிக்கிற?” என்றார்.

அவ்வளவே. பின்னர் மணலில் இருந்து, சிரட்டையால் அந்நீர் முழுவதையும் இறைத்தார். புதிதாக ஊறியதையும் மீண்டும் இறைத்தார். நாம் உதவப் போனபோது தடுக்கவில்லை, பேசவுமில்லை. தெளிந்த நீர் ஒரு குடம் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. வகுப்பறையில் நின்று ஆண்டாண்டாக ஒழுக்கம் போதித்த எமக்கு அது மிக நீண்ட மணித்தியாலம்.

அன்று மாலையே மருமகனுக்கு வயிற்றோட்டம் கண்டது. நள்ளிரவுக்குள் கண்கள் குழிந்து, நா வறண்டு, எழுந்து நிற்கவும் மாட்டாதவனானான். வாகனம் வரும் வழியோ, வைத்தியரோ அண்மையில் இல்லை. தமக்கையாருக்கு என்ன சொல்வோம் என்ற எண்ணமே நெஞ்சை அடைத்தது. அந்த அம்மையார்தாம் தமது பையிலிருந்து ஜீவனிப் பைக்கற்று ஒன்றை எடுத்து, கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரிற் கரைத்து, விடியும்வரை மடக்கு மடக்காகப் பருக்கினார். நீர் நன்றாகக் கொப்பளித்து ஒரு நிமிடம் கொதித்தாற் போதும்; அதற்குமேல் விறகை வீணாக்கவேண்டியதில்லை.

“நேத்து அவலைக் குழைச்சது ஆரு மனே?” என்று இடையிலே கேட்டார்.

நாமேதான். பற்றைக்கு அப்பாற் சென்று வந்து, நீரை மிச்சம் பிடிப்பதற்காகக் கையை மணலில் உரஞ்சிவிட்டு, அந்தக் கையாலேயே அவலையும் சர்க்கரையையும் குழைத்துப் பங்கிட்டோம். சவர்க்காரமோ குளியலுக்கென்று பைக்குள் பத்திரமாக இருந்தது. நோய் எமது கையிலிருந்துதான் சென்றதென்று எந்த வைத்தியராலும் நிறுவ முடியாது; ஆயினும் எமக்கு ஐயமில்லை.

மறுநாள் அவனால் நடக்க இயலவில்லை. அம்மையாரின் குழுவினரும் எமக்காக ஒரு பகல் தங்கினர். அப்பொழுதுதான் அவர்களுடைய ஒழுங்கைக் கண்டோம். மூடியிலே ஊசியால் துளையிட்ட பிளாஸ்ரிக் போத்தலொன்று கிளையில் தலைகீழாகத் தொங்கிற்று. அமத்தினால் நூல்போல் நீர் வரும். பழைய காலுறையில் இட்ட சவர்க்காரத் துண்டு அதனருகே. அங்கே கை கழுவாமல் எவரும் அடுப்படிக்கு வர இயலாது. (இந்நாளில் பலர் கைக்கொண்டு திரியும் தொற்றுநீக்கித் திரவம் சேறும் எண்ணெயும் படிந்த கையில் அவ்வளவு பயன் தராது.) காலைக்கடனுக்கு நீர்நிலையிலிருந்து 200 அடிக்கு அப்பால் சென்று, சிறு மண்வெட்டியால் 6 முதல் 8 அங்குலம்வரை கிடங்கு வெட்டி, முடிந்ததும் மண்ணால் மூடினர். பெண்கள் தம் சேலைகளைக் கட்டி மறைப்பிட்டிருந்தனர். மாதவிலக்குத் துணிகளைக் காட்டில் எறியாமல் தனிப் பையிற் கட்டிச் சென்றனர்.

குளியல்? ஒருவருக்கு ஒரு செம்பு நீர். பூவலுக்கு வெகுதொலைவில், துவாயை நனைத்து முதலில் முகம், பிறகு அக்குள், தொடையிடுக்கு, கடைசியாகக் கால்கள். இரவில் உலர்ந்த மாற்றுடை. பகல் உடை மறுநாள் வெயிலில். எருமைகள் உழக்கிய குட்டையொன்றில் இறங்கப் போன எம்மையும் ஒருவர் தடுத்தார். காலிற் புண்ணோடு அத்தகைய நீரில் இறங்குவது எலிக்காய்ச்சலுக்கு வழி. எமக்கோ இரு காலிலும் கொப்புளம் உடைந்திருந்தது.

ஒரு செம்பு நீரில் உடல் இவ்வளவு சுத்தமாகுமென்று எவரேனும் முன்னர் சொல்லியிருந்தால் நகைத்திருப்போம்.

கட்டகாமத்தில் அவர்களைப் பிரிந்தோம். மாணிக்க கங்கையை அடைந்தபோது, தேறியிருந்த மருமகன் நீரில் இறங்கியவாறே, “மாமா, சவர்க்காரம் எடுக்கேல்லையோ?” என்று கேட்டான். சற்றுக் கீழே, சில பெண்கள் குனிந்து குடங்களிலே நீர் மொண்டுகொண்டிருந்தனர். அவர்களைக் காட்டினோம், அவன் பேசாமல் மூழ்கி எழுந்தான். நாமும் மூழ்கி எழுந்து, அப்பெண்களிடையே அந்த அம்மையார் நிற்கிறாரோ என்று தேடினோம். காணவில்லை.