நல்ல தண்ணி

அல்வாவின் ருசிக்கே தாமிரபரணித் தண்ணிதான் காரணம் என்று பெருமை பேசுகிற ஊர் நம்ம ஊர். அந்தத் தண்ணியை ஊற்றித்தான் நான் ஒரு உயிரைக் கொன்றேன்.

என் மாமா தூத்துக்குடியில் உப்பளத்தில் வேலை பார்க்கிறார். கோடை லீவில் ஒரு வாளியோடு வந்தார். நண்டு வலையில் சிக்கியதாம். நாணயம் அளவு உடம்பு, பாம்பு வால் மாதிரி ஐந்து கைகள். "நட்சத்திர மீன் சாதிதான் மருமவனே, ஆனா இது ஓடும்" என்றார். கூடவே 2 கேன் கடல் தண்ணீர். பவளப்பாறை வைக்கலாமா என்று கேட்டேன். "ஏல, அதைத் தொட்டா ஜெயிலு!" 2001 முதல் பவளமும் புலியும் வனவிலங்குச் சட்டத்தில் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. அதனால் எங்கள் தொட்டியில் ஓட்டுச் சில்லுதான் பாறை.

பகலில் சில்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு ஒரு துணுக்கு இறாலைப் போட்டால் முதலில் ஒரு கை மட்டும் எட்டிப் பார்க்கும். அப்புறம் மொத்தமும் வரும். இதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. எந்தக் கை முன்னால் போகிறதோ அதுதான் முன்பக்கம். மூளையும் இல்லை. வாய் அடியில். தின்றதன் மிச்சமும் அந்த வாய் வழியாகத்தான் வெளியேறும். (தங்கச்சி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை!)

மாமா தொட்டிக் கண்ணாடியில் மையால் ஒரு கோடு போட்டிருந்தார். "கடல் தண்ணி 3 டிகிரி. 25 ஆனா உப்பு விளைஞ்சிரும். தண்ணி ஆவியாகும், உப்பு போகாது. தினம் ஒரு டம்ளர் நல்ல தண்ணி, சொட்டு சொட்டா விடு" என்றார்.

காலாண்டு லீவில் எல்லோரும் அம்பாசமுத்திரம் ஆச்சி வீட்டுக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தால் தண்ணீர் கோட்டுக்கு 3 விரற்கடை கீழே. பதறிப்போய் அரைக் குடம் தண்ணியை ஒரே மூச்சில் ஊற்றினேன்.

சாயங்காலம் 2 கைகள் தனியாகக் கிடந்தன. துண்டான பிறகும் நெளிந்தன. கை போனால் முளைக்கும் என்று படித்திருந்ததால் காத்திருந்தேன். மூன்றாம் நாள் உடம்பு கொழகொழவென்று ஆகிவிட்டது.

அறிவியல் சாரிடம் கேட்டேன். இந்தச் சாதிக்கு உடம்புக்குள்ளும் கடல் அளவு உப்புதான், அதைச் சரிக்கட்ட உறுப்பு இல்லை என்றார். அதனால் உலகத்தில் எந்த ஆற்றிலும் நட்சத்திர மீன் இல்லையாம். நம்ம ஆறு புன்னைக்காயலில் கடலில் கலக்கிறதே, அதைத் தாண்டி ஒன்றும் மேலே ஏறி வராது. தாமிரமும் அதற்கு விஷம் என்றார். ஆற்றின் பேரை நினைத்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மாமா போனில் "பாம்புக்காரன் எப்படி இருக்கான்?" என்று கேட்டபோது "நல்லா இருக்கான் மாமா" என்று சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு வருகிறார். தொட்டி காலியாக இருக்கிறது. கோட்டை மட்டும் அழிக்கவில்லை.